சோமசுந்தரத்துக்கு முதல் ஐஸ்

போன கிழமை ஒரு காலையில் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். நான் முந்தி வேலை செய்த கந்தோரிலிருந்து தர்சினி தொலைபேசி எடுத்தாள். நான் இருந்த கதிரையில் இப்போது இருக்கிறவள் அவள்தான். கெட்டிக்காரி. ஆனால் திரையில் எது தெரிந்தாலும் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்வாள்.

"மிஸ், கொழும்பு இருக்கெண்டு பச்சைப் பொட்டுக் காட்டுது. ஆனா ஒண்டும் சரியாத் தெரியேல்லை. வெளியில சனம் நிக்குது. யன்னலைத் திறக்கிறதோ விடுறதோ?"

"சோமசுந்தரத்தைக் கூப்பிட்டனியோ?" என்று கேட்டேன்.

"ஆர் மிஸ் அது? முந்தி இஞ்ச வேலை செய்தவரோ?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. நான் பென்சனில் வந்து இன்னும் கதிரைச் சூடு ஆறவில்லை, அதற்குள் சோமசுந்தரத்தை மறந்துவிட்டார்கள்! புது மென்பொருள் வந்ததாம், பச்சைப் பொட்டு வந்ததாம், பழைய வழக்கமெல்லாம் தேவையில்லையாம். "வாடிக்கையாளர் பட்டியலில தேடு, அந்தப் பேர் கிடக்கும். அவருக்கு ஒரு ஐஸ் கட்டி பதிஞ்சு பார். ஒருக்காத்தான் தட்ட வேணும். நான் லைனில நிக்கிறன்" என்றேன்.

அவள் தேடுகிற நேரத்துக்குள் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது ஐஸ் செய்து விற்கிற கம்பனி. திருகோணமலைத் துறைமுகப் பக்கமாகத் தொழிற்சாலை, அதன் முன்பக்கத்தில் ஒரு யன்னல் வைத்த சின்னக் கந்தோர். சல்லி, நிலாவெளி, இறக்கக்கண்டிப் பக்கத்து மீன்காரர்கள் விடிய விடிய வந்து அந்த யன்னலுக்கு முன்னால் நிற்பார்கள். மீன் படுகிற காலத்தில் பெரிய படகுக்காரர்கள் ஐஸ் முழுவதையும் அள்ளிக்கொண்டு போய்விடக்கூடாது என்று ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு வைத்திருந்தார்கள். அந்தப் பங்குக் கணக்கு இருந்தது கொழும்பில், தலைமைக் கந்தோரின் டேட்டாபேஸில். நாங்கள் இங்கே பதிய, அங்கே அது ஏற்றுக்கொள்ள, அதற்குப் பிறகுதான் இங்கே சீட்டு அச்சாகும். சீட்டைக் கண்டால்தான் உள்ளே கிண்ணியா நியாஸ் ஐஸ் கட்டியை இறக்குவார். சீட்டு இல்லாமல் அவருடைய சொந்த வாப்பா வந்து நின்றாலும் ஒரு சிராய் கிடைக்காது.

படித்ததைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. திருகோணமலை ரவுணில் ஒரு கொம்பியூட்டர் வகுப்பு, பிறகு கொழும்பில் கொஞ்ச நாள் பயிற்சி. பயிற்சியில் எல்லாம் அழகாக வேலை செய்தது. பதிந்தேன், விழுந்தது. கொழும்பு அங்கே எப்போதும் இருந்தது, ஏனென்றால் நாங்களே கொழும்பில்தான் இருந்தோம். லைன் அறுந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. அதைச் சொல்லித் தந்தவர் கனகசிங்கம் சேர்.

அவர்தான் எங்கள் மனேஜர். நெடிய மெல்லிய மனிதர். எந்த வெயிலிலும் முழுக்கைச் சேட்டின் மணிக்கட்டுப் பொத்தானைப் பூட்டித்தான் இருப்பார். அலுமாரியைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பார். நாலடி போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பார். தன்னுடைய அறைக்குள் போகும்போதும் கதவைத் தட்டிவிட்டுத்தான் போவார். "உங்கட அறைதானே சேர், ஏன் தட்டுறியள்?" என்று ஒரு நாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "உள்ளுக்கு ஆரும் இருந்தா?" என்றார். எல்லோரையும் நீங்கள் என்றுதான் கதைப்பார். கந்தோர்ப் பூனை மேசையில் ஏறிப் படுத்திருந்தாலும் "கொஞ்சம் விலத்துங்கோ" என்பார். அதுவும் விலகும். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், அவருக்கு இறங்கும். சரியான கோபம் என்றால் ஒன்றும் கேட்காது. ஏச்சு வாங்குவதற்கு நாங்கள்தான் குனிந்து காதைக் கொடுக்க வேண்டும்.

ஆரம்பத்தில் நாங்கள் பச்சைப் பொட்டுப் போலத்தான் ஒன்றை நம்பினோம். விடிய வந்து கொழும்பை ஒரு கட்டளையால் தட்டிப் பார்ப்பது. "இருக்கிறேன்" என்று பதில் வரும். யன்னலைத் திறப்பது. ஒரு நாள் அப்படித்தான் திறந்தோம். திரையில் எல்லாம் ஒழுங்காகப் போவதுபோல்தான் இருந்தது. அச்சியந்திரம் பழுது என்பதால் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தோம். பின்நேரம் பார்த்தால் கொழும்பில் ஒன்றுகூட விழவில்லை. தட்டியபோது பதில் சொன்னது வழியில் இருந்த ஏதோ ஒரு பெட்டியாம். படலையில் நாய் குரைத்தது, வீட்டுக்காரர் இருக்கிறார் என்று நாங்கள் உள்ளே போய்விட்டோம்.

தலைமைக் கந்தோர் விட்டதா? "களஞ்சியத்தில் இருக்க வேண்டிய ஐஸைக் காட்டுங்கள்" என்று கேட்டது. எதைக் காட்டுவது? வாசலில் கிடந்த தண்ணீரையா? கனகசிங்கம் சேர் குனிந்த தலை நிமிராமல் கிழமைக்கணக்காக விளக்கம் எழுதினார். அதற்குப் பிறகு, கொழும்பு ஏற்றுக்கொண்ட சீட்டு இல்லாமல் ஐஸ் வெளியே போனால் மனேஜரின் வேலை போகும் என்று ஓர் உத்தரவு வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்.

அந்த உத்தரவு வந்த மறுநாள்தான் சோமசுந்தரம் பிறந்தார். "சாந்தினி, ஆளிருக்கோ எண்டு கேட்டா ஆரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். ஒரு வேலை குடுத்துப் பாக்க வேணும்" என்று சொல்லிவிட்டு, சேரே உட்கார்ந்து ஒரு புது வாடிக்கையாளரைப் பதிந்தார். அந்தப் பெயரில் எங்களிடம் வேறு ஒருவரும் இல்லை என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பெயரை வைத்தார். விலாசம் எங்கள் கந்தோருடையதே. மீன்காரர் இல்லாதபடியால் அவருக்குப் பங்கு எல்லை ஒன்றும் வைக்கவில்லை.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். விடிந்ததும் சோமசுந்தரத்துக்கு ஓர் ஐஸ் கட்டி பதிய வேண்டும். ஒருக்காத் தட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். மறுபடி தட்டக்கூடாது, ஏனென்றால் முதல் தரம் தட்டியது வழியில் எங்கே நிற்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது. கொழும்பு ஏற்று, சீட்டு வந்தால், உடனே அதை ரத்துச் செய்ய வேண்டும். ரத்தும் ஏற்றுக்கொள்ளப்பட்டால்தான் கொழும்புக்குக் கொடுக்கவும் தெரிகிறது, வாங்கவும் தெரிகிறது என்று அர்த்தம். பிறகு சேர் தலையை ஆட்டுவார், நான் யன்னலைத் திறப்பேன்.

போகப் போக அந்த மனிதர் எங்களில் ஒருவர் ஆகிவிட்டார். "சோமசுந்தரம் வந்திட்டாரோ?" என்று சேர் அறைக்குள்ளிருந்து கேட்பார். "இன்னும் இல்லை, சேர்." "அப்ப திறக்காதேங்கோ." கொஞ்ச நேரத்தில் நான், "வந்திட்டார், சேர். ஐஸைக் குடுத்தாச்சு" என்பேன்.

யன்னல் மூடியிருந்தாலும் அது பலகைதானே. வெளியே நிற்கிற சனத்துக்கு இது முழுக்கக் கேட்டது.

சல்லிப் பரமேஸ்வரியை அந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. புருசனுக்குக் கால் ஏலாமல் போன பிறகு கரைவலையைத் தானே பொறுப்பெடுத்து நடத்திய மனுசி. எங்களுக்கெல்லாம் பரமக்கா. அவர் வாயைத் திறந்தால் துறைமுகத்துக்கு அந்தப் பக்கமும் கேட்கும். ஒரு நாள் யன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினார்.

"ஆர் பிள்ளை அந்தச் சோமசுந்தரம்? நாங்கள் நாய் எழும்ப முந்தி எழும்பி வந்து நிக்கிறம். ஒவ்வொரு நாளும் அவருக்குத்தான் முதல் ஐஸ்! அவர் என்ன, சேருக்கு மாமனோ மச்சானோ? எந்தக் கதவால வந்து எந்தக் கதவால போறார்? ஒரு நாளைக்கு என்ர கண்ணில படட்டும், பேந்து தெரியும் சங்கதி!"

"அது ஒரு ஆளில்லை அக்கா, கொம்பியூட்டர் விசயம்" என்றேன்.

"ஓமோம், எங்களுக்கு விளங்காதுதான்" என்று முகத்தை வெட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு விடியலும் வரிசையில் நின்றபடி சோமசுந்தரத்துக்கு அர்ச்சனை நடக்கும். அவன் வலை கிழிய, அவன் படகு ஓட்டையாக. பாவம், இல்லாத மனிதன் இவ்வளவு பேச்சு வாங்கியதை நான் வேறு எங்கும் காணவில்லை.

சோழகக் காற்று வீசுகிற காலம். பல நாளாக வலை வெறுமையாக வந்துகொண்டிருந்தது. திடீரென்று ஒரு விடியல் சல்லிக் கரையில் பாரை மீன் பட்டது. அப்படிப் பட்டது! பரமக்கா ட்ரக்டர் பெட்டி நிறைய மீனோடு வந்து நின்றார். வலை இழுத்த அத்தனை வீட்டுப் பாடும் அந்தப் பெட்டிக்குள்தான் கிடந்தது. கொழும்புக்குப் போகிற கூலர் லொறியும் வந்து நின்றது. ஐஸ் போடாத மீனை அந்த லொறி தொடாது. வெயில் ஏறமுன் ஐஸ் கிடைக்காவிட்டால் அவ்வளவும் கருவாட்டுக்குத்தான் போக வேண்டும்.

அன்றைக்குப் பார்த்துச் சோமசுந்தரம் வரவில்லை.

ஒருக்காத் தட்டியாயிற்று. பதிலில்லை. காத்திருந்தோம். வெளியே காகம் கூடத் தொடங்கிவிட்டது. சனம் யன்னலில் அடித்தது. "நீங்கள் போய்ச் சனத்தோட கதையுங்கோ, நான் திரையைப் பாக்கிறன்" என்றார் சேர். நான் வெளியே போனேன். பரமக்கா என்னைக் கண்டதும் ஏசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "பிள்ளை, என்ர மீனைப் பார்" என்று மட்டும் சொன்னார். ஒரு பாரையின் செவுளைத் தூக்கிக் காட்டினார். இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

அந்த நேரம் உள்ளே அச்சியந்திரம் கிர்ரென்றது. அப்பாடா என்று ஓடினேன். அது நிற்கவில்லை. கிர்ர், கிர்ர், கிர்ரென்று அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் கனகசிங்கம் சேர், ஒருக்காத்தான் தட்ட வேண்டும் என்று எங்களுக்குப் படிப்பித்த அதே சேர், முழுக்கைச் சேட்டோடு அந்தச் சாவியைக் குத்து குத்தென்று குத்திக்கொண்டு நிற்கிறார்.

"சேர்! என்ன செய்யிறியள்?"

கையை எடுத்துப் பின்னால் மறைத்தார். "ஒருக்காத்தான் தட்டினனான்... வரேல்லை... பேந்து இன்னும் ஒருக்கா... பேந்து சனம் யன்னலில அடிச்ச சத்தத்தில..."

வழியில் அடைபட்டுக் கிடந்த அத்தனை தட்டும் லைன் வந்த ஒரு நிமிடத்தில் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கொழும்பும் ஒவ்வொன்றையும் மரியாதையாக ஏற்றுக்கொண்டது. மேசை நிறையச் சீட்டு. எல்லாம் சோமசுந்தரத்தின் பேரில். ரத்துச் செய்வோம் என்று நான் கதிரையில் இருக்கவும் லைன் அடியோடு அறுந்தது.

நியாஸ் எட்டிப் பார்த்தார். "என்ன சேர், சோமசுந்தரத்துட வீட்டுல கலியாணமோ?"

சேர் சிரிக்கவில்லை. ஒரு சீட்டை எடுத்து முன்பக்கம் வாசித்தார், பின்பக்கம் வாசித்தார். பின்பக்கத்தில் கம்பனி விதி அச்சடித்திருந்தது: இந்தச் சீட்டைக் கொண்டுவருகிறவரிடம் ஐஸ் கொடுக்கப்படும். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த உத்தரவையும் போய் வாசித்தார். கொழும்பு ஏற்றுக்கொண்ட சீட்டு வேண்டும், அவ்வளவுதான் அதில் இருந்தது. மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினார். என் உத்தியோக காலத்தில் நான் அதைக் கண்டது அந்த ஒரு நாள்தான். தானே போய் யன்னலைத் திறந்தார்.

"பரமேஸ்வரி அம்மா, இண்டைக்கு உங்கட பேரில பதிய ஏலாது. சோமசுந்தரத்தின்ர சீட்டு இருக்கு. அதைக் கொண்டுபோய் ஐஸை எடுங்கோ."

பரமக்கா சீட்டை எட்டிப் பார்த்தார். "அப்ப அவருக்கு வேண்டாமோ?"

"அவர் வரமாட்டார்."

"ஏன் சேர்?"

சேர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "அவர் இல்லை, அம்மா" என்றார்.

பின்னால் நின்ற ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்தார். "ஐயோ, எப்ப சேர்?" என்று பரமக்கா நெஞ்சில் கை வைத்தார். "எப்பவுமே இல்லை" என்றுதான் சேர் சொன்னார். ஆனால் பதற்றத்தில் அவருடைய குரல் எங்கே இறங்கிக் கிடந்ததோ, பக்கத்தில் நின்ற எனக்கே அரைவாசிதான் கேட்டது.

"காலமை கூட வாய்க்கு வந்தபடி திட்டினனானே, பாவி நான்!" என்று பரமக்கா வாயில் அடித்துக்கொண்டார். சீட்டுகளை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றினார். நியாஸ் ஐஸை இறக்கினார். வெயில் ஏறமுன் பாரை அவ்வளவும் லொறியில் ஏறிவிட்டது. மற்றவர்களுக்கும் சீட்டுப் போதுமாக இருந்தது. அவ்வளவு குத்து.

மறுநாள் லைன் வந்ததும் சேர் ஒவ்வொரு சீட்டையும் ரத்துச் செய்து, ஐஸை எடுத்தவர்களின் பேரிலேயே திரும்பப் பதிந்தார். நடந்ததை நடந்தபடி கொழும்புக்கு எழுதினார். சோமசுந்தரம் என்று ஒருவர் இல்லை, இருந்ததுமில்லை என்று எழுதினார்.

இல்லாத ஆளுக்கு இவ்வளவு ஐஸா என்று விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். ரஞ்சன் என்று பெயர், அமைதியான ஆள். சேருக்குப் பென்சனுக்குக் கொஞ்சக் காலம்தான் இருந்தது. இந்த விசாரணை பிழைத்தால் வேலையும் போய்ப் பென்சனும் போய்விடும். அன்று அவர் அறைக் கதவைத் தட்டாமல் உள்ளே போனார்.

ரஞ்சன் முதல் வேலையாக வரிசைக்குப் போனார். "உங்களில ஆருக்கும் சோமசுந்தரத்தைத் தெரியுமோ?"

"தெரியாமலோ!" என்றார் பரமக்கா. "தங்கமான மனுசன். சாகேக்கையும் எங்களுக்கு ஐஸைத் தந்திட்டுப் போனவர்."

"நல்ல உயரமான ஆள்" என்றார் ஒருவர். "இல்லை, கட்டை. இறக்கக்கண்டியில பெண் எடுத்தவர்" என்றார் இன்னொருவர். ஒருவர் செத்த வீட்டுக்கே போய் வந்தவர் போலக் கதைத்தார். சேரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, ஆளுக்கு ஆள் சேருக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

ரஞ்சன் திரும்பி வந்து சேருக்கு முன்னால் இருந்தார். "சனம் ஆள் செத்திட்டார் எண்டுது. நீங்கள் ஆள் பிறக்கவே இல்லை எண்டு எழுதியிருக்கிறியள். நான் எதை நம்ப?"

சேரின் உதடு அசைந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "நாளைக்கு விடிய வாங்கோ. அவரை நீங்களே கூப்பிட்டுப் பாருங்கோ" என்றேன்.

வந்தார். அவரையே கதிரையில் இருத்தினேன். லைன் வருகிற பெட்டியில் விளக்கு எரிந்தது. கொழும்பைத் தட்டினால் "இருக்கிறேன்" என்றது. சோமசுந்தரத்துக்கு ஐஸ் பதிந்தார். ஒன்றுமில்லை. அவருடைய விரல் மறுபடி சாவிக்குப் போனது. சேர் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துவிட்டார். "மன்னியுங்கோ. ஒருக்காத்தான்" என்றார். இந்த முறை குரல் நன்றாகக் கேட்டது.

ரஞ்சன் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். எல்லாம் நன்றாக ஓடுகிறது, பிழை உங்கள் பக்கம்தான் என்றார்கள். நான் சேரைப் பார்த்து, "சேர், சோமசுந்தரம் இன்னும் வரேல்லை" என்று வழக்கம்போலச் சொன்னேன். வெளியே ஒரு அலறல்.

"ஐயோ பிள்ளை, செத்த மனுசனை ஏன் கூப்பிடுறியள்?"

யன்னலைத் திறந்து பரமக்காவிடம் முழுக் கதையையும் சொன்னேன். இந்த முறை கொம்பியூட்டர் என்ற சொல்லே எடுக்கவில்லை. கொழும்பில் கணக்குப் பார்க்கிறவர் முழிப்போ என்று அறிய, சேர் விடிய விடிய ஒரு பொய்ப் பேரில் ஐஸ் கேட்டுப் பார்க்கிறார், அந்தப் பேர்தான் சோமசுந்தரம் என்றேன். "நீங்கள் அந்தாளை எப்பவும் கண்டனீங்களோ, அக்கா? பேந்து ஏன் அதிகாரியிட்டை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

பரமக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "ஆளைக் காணேல்லைதான். அவர் தந்த ஐஸைக் கண்டனான்தானே?"

உள்ளே தொலைபேசி அடித்தது. கொழும்பு. டேட்டாபேஸைப் பழுது பார்க்கவென்று இரவே நிறுத்தி வைத்திருக்கிறார்கள், கிளைகளுக்குச் சொல்ல மறந்துவிட்டார்களாம், மன்னிக்கட்டாம். ரஞ்சன் தொலைபேசியை வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். தேத்தண்ணி குடித்து முடிகிற நேரத்துக்குச் சீட்டு கிர்ரென்று வந்தது. ஒன்றே ஒன்று. அதை ரத்துச் செய்தார், அதுவும் விழுந்தது.

"ஆள் வந்திட்டாரோ?" என்று வெளியே பரமக்கா கத்திக் கேட்டார்.

"வந்திட்டார், அம்மா" என்று பதில் சொன்னது ரஞ்சன்.

சேரின் வேலையும் தப்பியது, பென்சனும் தப்பியது. அவர் ஓய்வுபெற்ற அன்று பரமக்கா ஐஸுக்குள் பொதிந்து ஒரு பாரை கொண்டுவந்து கொடுத்தார். சேர் அந்தப் பொதியைக் காரில் வைத்துப் பூட்டிவிட்டு, நாலடி நடந்து, திரும்பி வந்து இழுத்துப் பார்த்தார். இப்போது அவர் இல்லை.

"மிஸ்? நிக்கிறியளோ?" தர்சினி திரும்பி வந்துவிட்டாள். "அவற்ற பேரில போட்டனான். சுத்திக்கொண்டே கிடக்கு. பச்சைப் பொட்டும் அப்பிடியே கிடக்கு."

"எத்தினை தரம் தட்டினனி?"

"ஒருக்காத்தான் மிஸ்."

"நல்ல பிள்ளை. கையை மடியில வை. யன்னலைத் திறக்காதை."

"சனத்துக்கு என்ன சொல்லுறது? முன்னுக்கு நிக்கிறவ சரியான வாய். சல்லிப் பரமேஸ்வரி அம்மாவின்ர மகளாம்."

"சோமசுந்தரம் இன்னும் வரேல்லை எண்டு சொல்லு."

"அவ்வளவுதானோ?" நம்பாமல்தான் போனாள். அவள் சொல்வது தூரத்தில் கேட்டது. இப்போது வெடிக்கும் என்று தொலைபேசியைக் காதிலிருந்து கொஞ்சம் விலத்திப் பிடித்தேன். தாயின் அதே குரல், துறைமுகத்துக்கு அந்தப் பக்கமும் கேட்கிற குரல், வந்தது.

"அதை முந்தியே சொல்லியிருக்கலாமே பிள்ளை! அவர் வரட்டும். அந்த மனுசன் எடுக்காமல் நாங்கள் ஒரு நாளும் ஐஸ் எடுத்ததில்லை."